வாயில் கட்டிய சல்லடை

எட்டுமடை ஊரில் தண்ணீருக்கு முன்னால் தண்ணீரின் சேதி வரும். சேதி வந்த பிறகுதான் பெண்கள் குடத்தைத் தூக்குவார்கள், ஆண்கள் சோப்பு டப்பாவைத் தேடுவார்கள், மாடுகள்கூடத் தொட்டிப் பக்கம் தலையைத் திருப்பும் என்று சொல்வார்கள். மாடுகளைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடியாது, மற்ற இரண்டும் உண்மை. ஊருக்கு நடுவில் மேல்நிலைத் தொட்டி, தொட்டியின் காலடியில் மோட்டார் ரூம், மோட்டார் ரூமுக்குள் ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்குள் ஒரு புரோகிராம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த அந்த ஏற்பாட்டில், கடைசியில் உட்கார்ந்திருந்த புரோகிராமுக்கு இரண்டே வேலை. எட்டு வால்வுகளை நேரம் பார்த்துத் திறந்து மூடுவது ஒன்று. தான் செய்த ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதி, அந்த வரியைப் போகவேண்டிய இடத்துக்கு அனுப்பிவைப்பது இன்னொன்று.

ஒவ்வொரு வரிக்கும் நாலு கட்டம் உண்டு: எப்போது, என்ன ரகம், யார், என்ன நடந்தது. ரகம் மூன்று. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ‘தகவல்’. கொஞ்சம் கோளாறு தட்டினால் ‘எச்சரிக்கை’. கெட்டே போய்விட்டால் ‘பிழை’. ‘காலை 6.10 – தகவல் – மூன்றாம் வால்வு – திறந்தது’ என்று வந்தால் மேலத்தெருவுக்குத் தண்ணீர் என்று அர்த்தம். அது ஊரில் இருந்த இருநூற்றுப் பதினாலு போனுக்கும் போகும்.

இந்தப் புரோகிராமுக்குக் காவல் முப்பிடாதி. வயது இருபத்தாறு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள், லோடு ஆட்டோ ஓட்டுகிற வெயிலுமுத்துவின் பெண்டாட்டி, நாலு வயசு சிவதர்ஷினிக்கு அம்மா. சிவதர்ஷினி என்று முழுசாகக் கூப்பிட நேரமில்லாமல் ஊரே அவளைத் தச்சு என்றது. முப்பிடாதி எந்த வேலையையும் சிரித்துக்கொண்டே செய்கிறவள், அதையும் குறுக்கு வழியில் செய்கிறவள். அரைக்கிற நேரத்தில் துவைக்கவும் துவைக்கிற நேரத்தில் போனில் பேசவும் தெரிந்தவள்.

புரோகிராமை மாட்டிக் கொடுக்க டவுனிலிருந்து வந்த மெர்சி மேடம், போகும்போது அவளிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனாள்.

“அக்கா, இதுக்கு ஒரு வாய் இருக்கு, மூணு வாசல் இருக்கு. வாய் பேசுறது மூணு வாசல் வழியாவும் போகும். ஒரு வாசல் இந்த ஃபைலு, இன்னொண்ணு இந்த ஸ்கிரீனு, மூணாவது வாசலு போனு. போன் வாசல்ல ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக் கதவு இருக்கு. எந்தக் கதவுல வேணாலும் சல்லடை கட்டலாம். பெரிசு மட்டும் போதும்னா பெரிசு மட்டும் நிக்கும், சிறிசெல்லாம் உதிர்ந்துரும். ஆனா வாயில மட்டும் சல்லடை கட்டிராதீங்க.”

“கட்டினா என்ன மேடம் ஆகும்?”

“வாயில கட்டினா எந்த வாசலுக்கும் போகாது. ஃபைலுக்குக் கூடப் போகாது. எழுதாதது எழுதாததுதான். பின்னால தேடினாலும் கிடைக்காது.”

“சரி மேடம், டீ குடிச்சிட்டுப் போங்க” என்றாள் முப்பிடாதி. அப்போது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

ஆவணி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில், மூன்றாம் வால்வு திறந்ததற்கும் நாலாம் வால்வு திறந்ததற்கும் நடுவில், புரோகிராம் இப்படி ஒரு வரி எழுதியது: ‘காலை 6.14 – தகவல் – மேலத்தெரு இசக்கியம்மாள் – வரிசையில் முன்னால் இருந்த குடத்தைக் காலால் நகர்த்தினார்.’

இருநூற்றுப் பதினாலு போனும் கிணுங்கியது. குழாயடியில் நின்ற பதினைந்து பேரும் போனைப் பார்த்துவிட்டு இசக்கியம்மாளின் காலைப் பார்த்தார்கள். கால் இன்னும் குடத்தின் மேல்தான் இருந்தது.

“ஏன், தகவல்னு தான போட்டிருக்கு? பிழைன்னா போட்டிருக்கு?” என்று கேட்டுவிட்டு அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள்.

அப்படித்தான் தொடங்கியது. வால்வைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் மனுஷரைப் பற்றியும் எழுதத் தொடங்கியது, ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. மெர்சி மேடத்துக்குப் போன் போட்டபோது, “நான் அப்படி எழுதலையே அக்கா” என்று அவள் சொன்னதோடு அந்த விசாரணை முடிந்தது. மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்கிற ஊரில்லை எட்டுமடை. பெய்தால் துணியை எடுக்கிற ஊர். யார் என்ன ரகம் என்பதுதான் அங்கே பேச்சாக இருந்தது. மாமியாருக்கு எதிர்ப்பேச்சுப் பேசினதற்கு எனக்கு எச்சரிக்கை, அதே பேச்சைப் பேசின அவளுக்கு வெறும் தகவலா என்று இரண்டு மருமகள்கள் பஞ்சாயத்து ஆபீஸ் வரை வந்தார்கள். காணாமல் போன ஆடு யார் வீட்டுக் கொல்லையில் தழை தின்கிறது என்று வரி வந்தது, ஆட்டுக்காரன் அந்த வரியைக் காட்டி ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் ஜாதகத்தோடு ஒரு மாத வரிகளையும் சேர்த்துக் கேட்டார்கள். பீடியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்த ஆண்கள் ஊர் எல்லையைத் தாண்டிப் போய்க் குடித்தார்கள், ஏனென்றால் எட்டாம் வால்வைத் தாண்டினால் புரோகிராமுக்குக் கண் தெரியாது என்று எப்படியோ கண்டுபிடித்திருந்தார்கள்.

முப்பிடாதிக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. பகலில் அங்கன்வாடியில் தச்சு என்ன செய்கிறாள் என்று அவள் மோட்டார் ரூமில் உட்கார்ந்துகொண்டே பார்த்துக்கொள்வாள். ‘பகல் 11.20 – தகவல் – வெ. சிவதர்ஷினி – எறும்புக்கு வழிவிட்டு உட்கார்ந்தாள்.’ ‘பகல் 11.40 – தகவல் – வெ. சிவதர்ஷினி – தன் முட்டையில் மஞ்சளை மட்டும் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள்.’ பக்கத்துப் பிள்ளை யாரென்று அவள் பார்க்கவில்லை. பிற்பாடு அதை நினைத்து நினைத்து வருத்தப்பட்டாள்.

இரண்டு மாதம் போனதும் ஊருக்கு அலுத்துவிட்டது. நாள் முழுக்கப் போன் கிணுங்கியது. யார் தும்மினார், யார் தலை சீவினார், யார் பிள்ளைக்கு மூக்கு துடைத்தார் என்று நூறு வரிக்கு நடுவில் தண்ணீர் வரி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஐப்பசி தொடக்கத்தில் பஞ்சாயத்துத் தலைவர் கோமதிநாயகம் தொட்டிக்குக் கீழே கூட்டம் போட்டார்.

“இந்த அக்கப்போரெல்லாம் நமக்கு வேண்டாம்” என்றார் அவர். “என் பெண்டாட்டி எனக்கு ரெண்டாவது இட்லி வைக்கும்போது மூஞ்சியைச் சுளிச்சான்னு ஊருக்கே சேதி போகுது. பிழைன்னு வந்தா மட்டும் சொல்லட்டும். தண்ணி நேரத்தைத் தட்டியில எழுதிப் போட்டுரலாம். மத்ததுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்.”

“இருநூத்திப் பதினாலு போனுக்கும் தனித்தனியாச் சல்லடை கட்டணும் அண்ணாச்சி” என்றாள் முப்பிடாதி. “முழுசா ரெண்டு நாளாவும்.”

“ரெண்டு நாள் எடுத்துக்கோ. யாரு வேண்டாங்கா?”

ஆனால் அன்றைக்கு வீட்டில் குழம்பு அடுப்பில் இருந்தது, வெயிலுமுத்து லோடு ஏற்றிக்கொண்டு கிளம்ப நின்றான், தச்சு முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதி மோட்டார் ரூமுக்குள் போனாள், இருநூற்றுப் பதினாலு கதவையும் ஒரு தரம் பார்த்தாள், ஒரே ஒரு வாயைப் பார்த்தாள். வாயின் பக்கத்தில் ‘தகவல் முதல்’ என்று இருந்தது. அதை அழித்து ‘பிழை மட்டும்’ என்று போட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. குழம்பும் தீயவில்லை.

போன்கள் அடங்கின. ஊரில் அப்படி ஒரு அமைதி வந்தது. அம்மியில் தேங்காய் நசுங்குவது தெருமுனைக்குக் கேட்டது. எல்லோரும் முப்பிடாதியைப் பாராட்டினார்கள்.

நாலாம் நாள் இசக்கியம்மாள் காலையில் மூன்று தரம் காப்பி குடித்தாள். ஒவ்வொரு தரமும் அதுதான் முதல் காப்பி என்று நினைத்துக் குடித்தாள். ஏழாம் நாள் கீழத்தெருவில் ஒரே வாசலில் மூன்று கோலம், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தது. போட்டவளைக் கேட்டால், இன்றைக்கு இன்னும் கோலமே போடவில்லையே என்றாள். சாப்பிட்டோமா, குளித்தோமா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினோமா, கும்பிட்டோமா என்று எதுவும் யாருக்கும் நிற்கவில்லை. சின்னச் சின்னக் காரியங்களெல்லாம் செய்தவுடனே கையிலிருந்து உதிர்ந்துபோயின. சண்டை மட்டும் நின்றது. உடைந்தது, கிழிந்தது, அடித்தது, பொய் சொன்னது எல்லாம் அச்சடித்ததுபோல ஞாபகமிருந்தது, ஏனென்றால் அதெல்லாம் பிழை, அதற்கெல்லாம் வரி வந்தது.

எட்டுமடை இதற்கும் பழகிக்கொண்டது. காப்பி குடித்ததும் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்கள். குளித்தவர்கள் கதவில் ஈரத்துண்டைப் போட்டார்கள், சாமி கும்பிட்டவர்கள் திருநீற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதற்குக் கொம்பில் ஒரு கயிறு கட்டினார்கள்; சாயங்காலம் கயிறு இருக்கிற மாட்டையும் இல்லாத மாட்டையும் பார்த்து வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். “மறதிக் காத்து அடிக்கு” என்று சொல்லிச் சிரித்தார்கள். பெரியவர்களுக்குப் பிழைக்கா பஞ்சம்? நாளைக்கு ஒரு பொய், இரண்டு ஏச்சு என்று ஏதோ ஒன்றில் அவரவர் பேர் வந்து அவரவரை ஊரில் நிறுத்திவைத்தது. பிள்ளைகளிலும் கடிக்கிற பிள்ளை, கல்லெறிகிற பிள்ளை, மண் தின்கிற பிள்ளை எல்லாம் பத்திரமாக இருந்தது.

தச்சு கடிக்கிற பிள்ளை இல்லை.

பதினோராம் நாள் வெயிலுமுத்து லோடு இறக்கிவிட்டு வரும்போது வழக்கமாகப் பிள்ளைக்கு வாங்குகிற பட்டர் முறுக்கு இல்லாமல் வந்தான். “பிள்ளைக்கு ஒண்ணும் வாங்கலையா?” என்று கேட்டாள் முப்பிடாதி. “எந்தப் பிள்ளைக்கு?” என்று கேட்டான் அவன். பிறகு அவனும் சிரித்தான், அவளும் சிரித்தாள், எதற்குச் சிரித்தோம் என்று இரண்டு பேருக்கும் உதிர்ந்துபோயிற்று.

பதிமூன்றாம் நாள் காலையில் முப்பிடாதியின் போன் கிணுங்கியது. ‘காலை 8.05 – பிழை – வெ. சிவதர்ஷினி – கண்ணாடி டம்ளரை உடைத்தாள்.’ திரும்பிப் பார்த்தால், சில்லுகளுக்கு நடுவில் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல முப்பிடாதி பார்த்தாள். தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு, முதுகில் ஒரு அடியும் கொடுத்தாள். மூன்று நாள் கழித்து முகம் பார்க்கிற கண்ணாடி உடைந்தது. இன்னும் இரண்டு நாளில் ஊறுகாய் ஜாடி. ஒவ்வொரு தரமும் போன் கிணுங்கும், அவள் திரும்புவாள், பிள்ளை இருக்கும். எந்தத் தாயும் செய்வதைத்தான் முப்பிடாதியும் செய்தாள்: வீட்டில் உடைகிற சாமான் அத்தனையையும் மூட்டை கட்டிப் பரணில் தூக்கி வைத்தாள்.

இருபத்திமூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அங்கன்வாடி ஞானசெல்வம் டீச்சர் இரண்டு எவர்சில்வர் தட்டோடு மோட்டார் ரூமுக்கு வந்தாள். எட்டுமடையில் பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்கும்போது பாத்திரக்கடையில் தட்டின் விளிம்பில் பேர் வெட்டிக் கொடுத்து அனுப்புவது வழக்கம். தட்டு மாறக் கூடாது, பிள்ளை எச்சில் சாப்பிடக் கூடாது என்று.

“முப்பிடாதி, இந்தக் கூத்தைப் பாரேன். பதினேழு பிள்ளைதான், பத்தொன்பது தட்டு இருக்கு. ஆயா தெனமும் பத்தொன்பது தட்டுலயும் சோறு வைக்கா. கேட்டா கைப்பழக்கம் டீச்சர்ங்கா. இந்த ரெண்டும் யாரு தட்டுன்னு தெரியல. பேரைத் தேய்ச்சு எடுத்த மாதிரி இருக்கு.”

ஒரு தட்டின் விளிம்பு வழவழவென்று இருந்தது, கடையில் இருந்து இப்போதுதான் வந்ததுபோல. இன்னொன்றில் கடைசியில் ‘னி’ என்று ஒரே ஓர் எழுத்து மட்டும் மெல்லிசாக நின்றது. முப்பிடாதி அதன் மேல் விரலை ஓட்டினாள். விரல் அங்கேயே நின்றுகொண்டது; எடுக்க மனசு வரவில்லை.

“யாராவது மோகினியா இருக்கும் டீச்சர்” என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனாள்.

சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். போன் கிணுங்கியது. ‘பகல் 12.02 – பிழை – வெ. சிவதர்ஷினி – தன் வளையலை அம்மியில் தட்டி உடைத்தாள்.’

அம்மியின் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. தலை சீவி மூன்று நாளாவது இருக்கும். வெளிச்சம் அதன் மேல் விழாமல் அதற்குள்ளே போய் வந்தது. மணிக்கட்டில் ஒரு கீறல், தரையில் பச்சை வளையல் துண்டுகள்.

“ஏட்டி, எதுக்கு உடைச்ச?”

“நான் உடைச்சாத்தானம்மா நீ என்னையப் பாக்க.”

முப்பிடாதி சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

“உடைக்கதுக்கு வேற ஒண்ணும் இல்லம்மா” என்றது பிள்ளை. “எல்லாத்தையும் நீ மேல தூக்கி வச்சுட்ட. இது கடைசி வளையல்.”

முப்பிடாதி அழவில்லை. அழுகிற நேரத்தில் மறந்துபோகும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மெர்சி மேடம் சொன்னது, வாய், வாசல், எழுதாதது எழுதாததுதான் என்பதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றது. இத்தனை நாளும் இந்தப் பிள்ளை சிரித்தது, தூங்கியது, எறும்புக்கு வழிவிட்டது எல்லாம் தகவல், எல்லாம் அவள் கட்டின சல்லடையில் உதிர்ந்துபோனது. பிள்ளையைத் தூக்கி இடது இடுப்பில் வைத்தாள், இடது கையால் இறுக்கிக்கொண்டாள், செருப்புகூடப் போடாமல் உச்சி வெயிலில் மோட்டார் ரூமைப் பார்த்து நடந்தாள்.

“பேசிக்கிட்டே வாட்டி தச்சு. வாயை மூடாத.”

“எம்மா, வேப்ப மரம்.”

“ஆமா.”

“எம்மா, நாய் தூங்குது.”

“ஆமா மக்கா, இன்னும் சொல்லு.”

மேலத்தெரு திருப்பத்தில் பேச்சு மெதுவானது. கோயில் பக்கம் வரும்போது அது காற்றா பேச்சா என்று தெரியவில்லை. இடுப்பில் கனம் குறைந்துகொண்டே வந்தது. பிள்ளைக் கனம், பிறகு துணிக் கனம், பிறகு வெயிலின் கனம். எதிரே தண்ணீர்க் குடத்தோடு வந்த இசக்கியம்மாள் நின்றாள்.

“என்னட்டி முப்பி, வெறும் இடுப்பைச் சாய்ச்சுக்கிட்டு நடக்க? சுளுக்கா?”

முப்பிடாதி குனிந்து பார்த்தாள். இடுப்பில் ஒன்றும் இல்லை. எதற்காக வெயிலில் வந்தோம் என்று யோசித்தாள், அதுவும் இல்லை. வீட்டில் சோற்றை அப்படியே போட்டுவிட்டு வந்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

“தெரியல மயினி” என்றாள்.

“வா, வீட்டுக்கு. வெயிலு மண்டையில ஏறிட்டு.”

அவள் திரும்பியிருப்பாள். ஆனால் இடது கை கீழே இறங்க மாட்டேன் என்றது. முழங்கை மடங்கி, விரல்கள் விரிந்து, ஒரு சின்ன முதுகைத் தாங்குகிற மாதிரியே அந்தரத்தில் நின்றது. வலது கையால் அதைப் பிடித்து இறக்கிப் பார்த்தாள். இறங்கவில்லை.

“கை எதையோ பிடிச்சிருக்கு மயினி.”

“காத்தைப் பிடிச்சிருக்கு. வாட்டி.”

“காத்துக்கு எதுக்கு மயினி இம்புட்டு இறுக்கிப் பிடிக்கணும்?”

மூளைக்குத் தெரியாததைக் கை தெரிந்துவைத்திருக்கிறது, சாப்பாடு போடுவதும் தலை பின்னுவதும் நாளெல்லாம் கைதானே என்று அவளுக்குத் தோன்றியது. கை எந்தப் பக்கம் கிளம்பியதோ அந்தப் பக்கமே போவோம் என்று முடிவுசெய்து, மடங்கின கை மடங்கினபடி மோட்டார் ரூமுக்குப் போனாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். இங்கே வந்து நான் என்னதான் செய்வேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஃபைல், ஸ்கிரீன், இருநூற்றுப் பதினாலு கதவு. வாய். வாயின் பக்கத்தில் ‘பிழை மட்டும்’. மேஜை மேல் டீச்சர் விட்டுப்போன தட்டு, அதில் ‘னி’யின் சுழி ஒரு முடி அளவுக்கு மிஞ்சியிருந்தது. யாரோ ஒரு னி. யாருடைய னியோ. “யாரு பிள்ளையா இருந்தா என்ன” என்று வாய்விட்டுச் சொன்னாள், ஒற்றைக் கையாலேயே அந்தச் சொல்லை அழித்தாள், ‘தகவல் முதல்’ என்று எழுதினாள்.

‘பகல் 12.19 – தகவல் – வெ. சிவதர்ஷினி – அம்மாவின் இடுப்பில் இருக்கிறாள்.’

கனம் திரும்பி வந்தது. பதினைந்து கிலோவும் ஒரே நேரத்தில் வந்ததில் முப்பிடாதி நாற்காலியோடு ஒரு பக்கம் சாய்ந்தாள். கழுத்தில் மூச்சு பட்டது. “எம்மா, நீ ஏன் பேசவே இல்ல?” என்று கேட்டது பிள்ளை. அப்போதுதான் அவள் அழுதாள். அதற்கும் ஒரு வரி வந்தது, தகவல்தான்.

இருநூற்றுப் பதினாலு போனும் கத்தியது. கோமதிநாயகம் அண்ணாச்சி இலையில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து ஓடிவந்தார். “யார் சொல்லித் திறந்த?” என்று அதட்டினவர், மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்ததும் குரல் இறங்கி, “இவளை நான் எவ்வளவு நாளாப் பாக்கலை?” என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் வெயிலுமுத்து இருபத்திமூன்று பாக்கெட் பட்டர் முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் முப்பிடாதி தச்சுவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தாள். இருநூற்றுப் பதினாலு கதவுக்கும் தனித்தனிச் சல்லடை கட்டினாள். அவரவர் வீட்டு வரி அவரவர் வீட்டுக்கு, தண்ணீர் வரி எல்லோருக்கும், பிழை தலைவருக்கு. வாயைத் தொடவில்லை. ஃபைல் வாசலில் எல்லாம் விழுந்துகொண்டிருந்தது, யாரும் படிக்காவிட்டாலும். ஊர் காப்பியை ஒரு தரம் குடித்தது, கோலத்தை ஒரு தரம் போட்டது.

தட்டில் எழுத்துகள் வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நாலாம் நாள் ‘வெ. சிவதர்ஷினி’ முழுசாக நின்றது. டீச்சர் எண்ணிப் பார்த்தாள். பதினெட்டுப் பிள்ளை, பத்தொன்பது தட்டு.

அந்த வழவழப்பான தட்டு அப்படியே இருந்தது.

அன்றைக்கு மதியம் ஃபைலில் ஒரு வரி விழுந்தது. நாலு கட்டத்தில் மூன்றாவது காலியாக இருந்தது. ‘பகல் 12.10 – தகவல் –       – தட்டு முன்னால் உட்கார்ந்தது.’ மறுநாளும் அதே நேரத்துக்கு விழுந்தது. அங்கன்வாடியில் ஆயா வைத்த பத்தொன்பதாவது தட்டுக்கு முன்னால் யாரும் இல்லை. ஆனால் சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, ஒரு பருக்கை சிந்தவில்லை.

“தச்சு, உன் பக்கத்துல யாரு மக்கா உக்காருவா?” என்று முப்பிடாதி கேட்டாள்.

“ஒரு பிள்ளை.”

“பேரென்ன?”

தச்சு யோசித்தாள். “நல்ல பிள்ளைம்மா. சத்தமே போடாது. மஞ்சக்கரு கொடுத்தா சிரிக்கும்.”

பழைய ஃபைலிலும் அங்கன்வாடிப் பதிவேட்டிலும் அந்தப் பேர் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. எட்டுமடையின் தாய்மார் எல்லோரும் அவரவர் வீட்டில் தேடிப் பார்த்தார்கள். எண்ணிக்கைக்கு மேல் ஒரு சின்னச் சட்டை இருக்கிறதா, வாசலில் சோடி சேராத செருப்பு இருக்கிறதா, தூங்கும்போது பாயில் யாருக்கோ இடம் விட்டுப் படுக்கிறோமா என்று பார்த்தார்கள். மூன்று வீட்டில் ஒரு சட்டை அதிகம் இருந்தது. ஐந்து வீட்டில் பெண்கள் இடம் விட்டுத்தான் படுத்திருந்தார்கள். இசக்கியம்மாளுக்குப் பிள்ளையே இல்லை என்று ஊருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் ஒரு நாள் அங்கன்வாடிக்கு வந்து, அந்தத் தட்டின் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிவிட்டுப் போனாள்.

பேர் இல்லாத வரிக்கு மட்டும் முப்பிடாதி எந்தக் கதவிலும் சல்லடை கட்டவில்லை. அது இருநூற்றுப் பதினாலு போனுக்கும் போகிறது. பகல் 12.10க்கு எட்டுமடையில் அரிவாளும் அரைப்பும் ஒரு நிமிஷம் நிற்கும்.

பிழையாக இருந்தால் பேர் வரும் என்று யோசனை சொன்னது முப்பிடாதிதான். டம்ளரை உடைத்தபோது தச்சுவுக்குப் பேர் வரவில்லையா? அன்றிலிருந்து முறை வைத்து, நாளைக்கு ஒரு வீட்டிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் போகிறது. மற்றப் பிள்ளைகளைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, பத்தொன்பதாவது தட்டின் பக்கத்தில், பலகையின் விளிம்பில், கை பட்டால் விழுகிற மாதிரி டீச்சர் அதை வைப்பாள். அந்த வீட்டுக்காரி வாசலில் நின்றுகொண்டு, “உடைச்சிரு மக்கா, யாரும் ஏச மாட்டோம், தூக்கிப் போட்டு உடைச்சிரு” என்று காலி இடத்தைப் பார்த்துச் சொல்லுவாள்.

போன் கிணுங்கும். எல்லோரும் பார்ப்பார்கள்.

‘பகல் 12.14 – தகவல் –       – டம்ளர் விழுந்துவிடாமல் உள்ளே நகர்த்தி வைத்தது.’